பெரியம்மாவில் பாதி

அந்தப் பூங்காவில் உட்காராத பெண் ஒருத்திதான். மற்ற தாய்மார்கள் உள்ளே நுழைந்ததும் எந்த பெஞ்சில் நிழல் விழுந்திருக்கிறது என்று பார்ப்பார்கள், செருப்பைக் கழற்றிப் போடுவார்கள், காலை நீட்டிவிடுவார்கள். இவள் வந்ததும் ஊஞ்சல் சங்கிலியை இழுத்துப் பார்ப்பாள். சறுக்குமரத்தைப் புறங்கையால் தொட்டுச் சூடு பார்ப்பாள். மணல் குழிக்குள் முழங்கை வரை கையை விட்டுத் துழாவுவாள். கண்ணாடிச் சில்லு, பாட்டில் மூடி, துருப்பிடித்த ஆணி என்று என்னென்னவோ வரும்; ஒருதடவை யாருடைய பல் செட்டோ வந்தது. எல்லாவற்றையும் குப்பைத் தொட்டியில் போட்ட பிறகுதான் குழந்தைகளை இறக்கிவிடுவாள். அப்புறமும் உட்கார மாட்டாள். ஊஞ்சலுக்கும் சறுக்குமரத்துக்கும் நடுவே போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருப்பாள்.

அதனால் அவளுக்கு 'எறும்பு' என்று பெயர் விழுந்தது. வைத்தவள் இரட்டைப் பிள்ளைக்காரி. கொஞ்ச நாள் முதுகுக்குப் பின்னால் சொல்லிக்கொண்டிருந்துவிட்டு, ஒருநாள் வாய் தவறி நேருக்கு நேராகவே "எறும்பக்கா" என்று கூப்பிட்டுவிட்டாள். கூப்பிட்டவளுக்கு முகம் வெளுத்துப்போனது. இவள் அசரவில்லை.

"எறும்புதானே, இருந்துட்டுப் போகட்டும். மூட்டைப்பூச்சின்னு வைக்காம விட்டியே" என்று சொல்லிவிட்டுச் சங்கிலியை இழுத்துப் பார்க்கப் போய்விட்டாள்.

பூங்கா என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் கால்வாசி இருக்கும். இரண்டு ஊஞ்சல், இரண்டு சறுக்குமரம், ஏறி இறங்கும் பலகை ஒன்று, மணல் குழி ஒன்று. ஆனால் சுற்றிலும் ஐந்து தூங்குமூஞ்சி மரங்கள் நிற்கின்றன. பேர்தான் தூங்குமூஞ்சி, நிழல் கொடுப்பதில் அதற்குச் சோம்பலே கிடையாது. எறும்பின் வீடோ மூன்றாவது மாடி, அதற்கு மேல் மொட்டைத் தளம். மதியம் இரண்டு மணிக்கு மேல் அந்த இரண்டு அறையில் சுவரைத் தொட்டால் கை சுடும். மின்விசிறியைப் போட்டால் அடுப்பைத் திறந்த மாதிரி காற்று வரும். புருஷன் அலுமினியக் கதவு செய்கிற பட்டறையில் வேலை பார்க்கிறான், வர எட்டு மணி ஆகும். அதுவரைக்கும் இரண்டு குழந்தைகளை அந்த அடுப்புக்குள் வைத்துக்கொண்டு யார் மல்லுக்கட்டுவது? தினமும் நாலு மணிக்கு ஒரு பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவாள். பைக்குள் தண்ணீர், பழைய துணி, மாற்று ஜட்டி இரண்டு, காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்டர், ஊக்கு, கொஞ்சம் பொரி.

இரண்டு குழந்தைகளில் ஒன்று அவளுடையது, ஒன்று அவளுடையது இல்லை. மகளுக்கு ஆறு வயது. எதைச் சொன்னாலும் "ஏன்" என்று ஆரம்பித்து "அப்படின்னா" என்று முடிப்பதால் வீட்டில் அவளுக்கு வக்கீல் என்று பெயர். மற்றது தங்கச்சி மகன், மூன்று வயது. கன்னம், வயிறு, முழங்கால் எல்லாம் உருண்டையாக இருப்பதால் உருண்டை.

தங்கச்சி இருநூறு கிலோமீட்டர் தள்ளி ஒரு சட்டைத் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறாள். அவள் புருஷன் இருந்தும் இல்லாதவன், அவனைப் பற்றிப் பேசி வாயைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். தொழிற்சாலை விடுதியில் குழந்தைக்கு இடமில்லை என்றார்கள். ஒன்றேகால் வயதுப் பிள்ளையை அக்கா கையில் கொடுத்துவிட்டுப் போனவள், இடையில் இரண்டே தடவை வந்தாள். இரண்டு தடவையும் பிள்ளை எறும்பின் புடவைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு, வந்தவளை ஒற்றைக் கண்ணால் பார்த்துவிட்டுத் தூங்கிப்போனான். இப்போது அவளுக்குத் தனியாக ஒரு அறை கிடைத்துவிட்டது. பக்கத்திலேயே குழந்தைகள் காப்பகத்தில் இடமும் கிடைத்துவிட்டது. இன்றைக்கு ஐந்து மணி பேருந்தில் வந்து இறங்குகிறாள். நாளைக் காலைப் பேருந்தில் பிள்ளையோடு போகிறாள்.

போகட்டும். அதற்காகத்தானே வளர்த்தது. ஆனால் பிள்ளை அவளை அம்மா என்று கூப்பிட மாட்டேன் என்கிறானே, அதுதான் பத்து நாளாக எறும்பைத் தூங்கவிடாமல் அரித்துக்கொண்டிருந்தது.

குற்றம் அவன் மேல் இல்லை. பேச ஆரம்பித்த பிள்ளை பக்கத்தில் இருக்கிறவர் வாயைப் பார்த்துத்தான் பேசும். வக்கீல் இவளை "அம்மா" என்றாள், அவனும் "அம்மா" என்றான். ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் முகம் தெரிந்தால் வக்கீல் "சின்னம்மா! சின்னம்மா!" என்று குதிப்பாள். அவனும் பக்கத்தில் நின்று "சின்னம்மா" என்று குதிப்பான். அந்தப் பக்கம் தங்கச்சி சிரித்துக்கொள்வாள். சிரிப்பு முடிகிற இடத்தில் உதட்டைக் கடித்துக்கொள்வதும் தெரியும். எறும்பு அதைப் பார்த்தும் பார்க்காதது மாதிரி, "சரி சரி, சார்ஜ் போயிடும், வை" என்று வைத்துவிடுவாள். திருத்தியிருக்கலாம். அப்போதே "டேய், நான் பெரியம்மாடா" என்று நாலு தடவை சொல்லியிருந்தால் ஆயிருக்கும். சொல்லவில்லை. வேலை மும்முரத்தில் விட்டுப்போச்சு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். வேலையாவது மண்ணாவது. அவன் தூக்கக் கலக்கத்தில் "அம்மா" என்று கழுத்தைக் கட்டிக்கொள்ளும்போது திருத்த வாய் வரவில்லை, அவ்வளவுதான்.

தங்கச்சி வருகிற தேதி தெரிந்த அன்றைக்குத்தான் பாடத்தை ஆரம்பித்தாள். சோறு ஊட்டும்போது, குளிப்பாட்டும்போது, சட்டை மாட்டும்போது.

"நான் யாரு?"

"அம்மா."

"இல்லடா. பெரியம்மா. சொல்லு, பெரி..."

"பெரி."

"யம்மா."

"அம்மா!"

பெரியம்மாவில் பின்பாதிதான் அவனுக்குப் பிடித்திருந்தது. முன்பாதியைச் சாப்பாட்டில் கிடக்கிற மிளகாயைப் போல ஒதுக்கிவிடுவான். பல்லைக் கடித்துக்கொண்டு பத்து நாள் விடாமல் சொன்னதில், நேற்று ராத்திரி ஒருவழியாக "பெரிய அம்மா" என்று நடுவில் மூச்சு விட்டுச் சொன்னான். அப்பாடா என்று இருந்தது அவளுக்கு. அரிசி களைகிற சாக்கில் கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்து நின்றாள். பிறகு அரிசியைக் களைந்தாள்.

இன்றைக்கு மூன்று மணிக்கே பையைத் தூக்கிவிட்டாள்.

"ஏன் இவ்வளவு சீக்கிரம்?" என்றாள் வக்கீல்.

"சின்னம்மா வராங்க இல்ல."

"அஞ்சு மணிக்குத்தானே வராங்க?"

"பஸ்ஸு சீக்கிரம் வந்துட்டா?"

"பஸ்ஸு எப்பவுமே லேட்டாத்தான் வரும்னு நீதானே சொல்லுவ. அப்படின்னா..."

"அப்படின்னா செருப்பை மாட்டு. வாய் இருக்கிற வேகத்துல கால் இருந்தா இந்நேரம் பார்க்குல இருந்திருப்போம்."

பேருந்து நிலையத்துக்கும் வீட்டுக்கும் நடுவில்தான் பூங்கா இருக்கிறது. தங்கச்சி நேராக அங்கே வருவதாகப் பேச்சு. வீட்டுக்குள் வைத்துப் பார்த்தால் பிள்ளை கட்டிலுக்கடியில் போய் ஒளிந்துகொள்வான், புது ஆள் யார் வந்தாலும் அதுதான் நடக்கிறது. பூங்காவில் ஒளிய இடமில்லை. விளையாடுகிற குஷியில் சட்டென்று ஒட்டிக்கொள்வான் என்பது எறும்பின் கணக்கு.

மூன்றே காலுக்குப் பூங்காவில் இவர்களைத் தவிரக் காவலாளியும் பெருக்குகிற அம்மாளும்தான் இருந்தார்கள். எறும்பு சங்கிலியை இழுத்துப் பார்த்தாள். மணலைத் துழாவினாள். வெயில் பக்கத்துச் சறுக்குமரம் அடுப்பில் வைத்த வாணலி மாதிரி இருந்தது, நிழல் பக்கத்துச் சறுக்குமரம் பானைத் தண்ணீர் மாதிரி இருந்தது. பிள்ளைகளை நிழல் பக்கம் விட்டாள். மறுபடியும் போய்ச் சங்கிலியை இழுத்துப் பார்த்தாள்.

"அது அறுந்தாத்தான் விடுவீங்க போல" என்றார் காவலாளி.

"அறுந்தா நீங்க வந்து பிடிச்சுக்குவீங்களா? போங்க, போய் அந்தக் குழாயைச் சரியா மூடுங்க, சொட்டுது."

நாலு மணிக்கு மற்றவர்கள் வந்து சேர்ந்தார்கள். இரட்டைப் பிள்ளைக்காரி தன் பெஞ்சில் தொப்பென்று விழுந்து, "எறும்பக்கா, இன்னைக்காவது உக்காருங்களேன். பாக்குற எனக்கே காலு வலிக்குது" என்றாள்.

"உக்காந்தா எந்திரிக்க மாட்டேன்."

"தங்கச்சி வர நாளா? ஏன் இப்படிப் பதறுறீங்க? பெத்தவகிட்டத்தானே போறான்."

"பதறலையே. யாரு பதறுறா?" என்று சொல்லிக்கொண்டே பையைத் திறந்து, பிளாஸ்டர் இருக்கிறதா என்று மூன்றாம் தடவையாகப் பார்த்தாள்.

சறுக்குமரத்தின் உச்சியிலிருந்து உருண்டையின் குரல் வந்தது. "பெரிய அம்மா!"

முதல் தடவையாக, யாரும் சொல்லிக்கொடுக்காமல், அவனாகக் கூப்பிட்டான். எறும்புக்கு நெஞ்சில் யாரோ விரலால் சுண்டிய மாதிரி இருந்தது. "என்னடா கண்ணு?" என்று போய் நின்றாள்.

அவன் சறுக்கி வந்து அவள் காலடியில் உட்கார்ந்துகொண்டே சொன்னான். "நீ பெரிய அம்மா."

"ஆமா."

"போன்ல சின்ன அம்மா."

எறும்பு அவன் முழங்காலில் ஒட்டியிருந்த மணலைத் தட்டிவிட்டாள்.

"அப்ப அம்மா எங்க?"

இதை அவள் எதிர்பார்க்கவில்லை. பத்து நாளாக அந்த வார்த்தையிலிருந்து தன்னைப் பிடுங்குவதிலேயே குறியாக இருந்தவள், பிடுங்கின இடம் காலியாக இருக்கும் என்று யோசிக்கவே இல்லை. அதில் கொண்டுபோய் வைக்க வேண்டியவளை அவன் ஏற்கெனவே 'சின்ன' என்று முன்னால் ஒன்றைச் சேர்த்துத் தனியாக வைத்துவிட்டான். பெரியது ஒன்று, சின்னது ஒன்று. நடுவில் வெறும் அம்மா என்று ஒருத்தி இருந்தாக வேண்டும் இல்லையா? மூன்று வயதுக்கு அது சரியான கணக்குதான்.

"இப்ப வருவாங்க" என்று மட்டும் சொன்னாள். சொல்லியிருக்கக் கூடாது.

"யாரு?"

அந்த நேரம் பார்த்து ஏறி இறங்கும் பலகையில் வக்கீல் யாரோ ஒரு பிள்ளையோடு நியாயம் பேச ஆரம்பித்துவிட்டாள். "நான்தான் முதல்ல வந்தேன், அப்படின்னா நீ எப்படி..." என்று குரல் ஏறியது. எறும்பு அங்கே ஓடி, இரண்டு பேரையும் அதட்டி, ஆளுக்குப் பத்து எண்ணிக்கை என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுத் திரும்பினால், சறுக்குமரத்தடியில் பிள்ளையைக் காணோம்.

கண் ஒரு சுற்றுச் சுற்றியது. வாசல் கதவு மூடித்தான் இருந்தது. மணலில் இல்லை. ஊஞ்சலில் இல்லை. கடைசியில் ஓரத்து மரத்தடியில் தெரிந்தான். பெருக்குகிற அம்மாள் துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு அவன் முன்னால் குனிந்து நின்றாள். காவலாளி சற்றுமுன், "அம்மா, அந்தப் பக்கமும் ஒரு தடவை பெருக்கிடும்மா" என்று கத்தியிருந்தார். அது அவன் காதில் விழுந்திருக்கிறது.

"நீங்க அம்மாவா?" என்று கேட்டுக்கொண்டிருந்தான்.

"ஆமா ராசா, நாலு பேருக்கு அம்மா" என்றாள் அவள், வெகு சந்தோஷமாக.

அவன் அந்தப் பதிலை வாங்கிக்கொண்டு அடுத்த பெஞ்சுக்குப் போனான். அங்கே இரட்டைப் பிள்ளைக்காரி. அவளிடம் ஒரு இரட்டை, "அம்மா தண்ணி" என்று கேட்டுக்கொண்டிருந்தது. "நீங்களும் அம்மாவா?" என்றான். அவள் "இதென்னடா கேள்வி!" என்று சிரித்தாள். அடுத்து, வருஷம் முழுக்க இருமிக்கொண்டே இருக்கிற கண்ணாடிக்காரப் பெண். அடுத்து கைக்குழந்தையோடு வந்த புதுப்பெண். எல்லோருமே அம்மாதான். ஒருத்தி விடாமல் "ஆமாம்" என்றார்கள். இந்த ஊரில் அம்மா என்று கூப்பிடாத ஆள் யார்? காய் விற்கிறவன் கூப்பிடுகிறான், கரண்ட் கணக்கு எடுக்கிறவன் கூப்பிடுகிறான், ஐந்து வயதுப் பெண் குழந்தையைக்கூட "வாம்மா, போம்மா" என்கிறோம். ஊர் முழுக்க இறைந்து கிடக்கிற வார்த்தையில் தனக்கென்று ஒன்றைத் தேடிக்கொண்டு, அந்தப் பொடியன் பெஞ்ச் பெஞ்சாகப் போய்க்கொண்டிருந்தான்.

பெஞ்சுக்காரிகள் சிரித்தார்கள். எறும்புக்குச் சிரிப்பு வரவில்லை. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. "டேய்! இங்க வாடா!" என்று இரண்டெட்டு வைத்தாள். அதற்குள் வாசல் கதவு திறந்தது.

பேருந்து சீக்கிரம் வந்துவிட்டது. தங்கச்சி கையில் ஒரு துணிப்பையும் தோளில் ஒரு பையுமாக உள்ளே வந்து, வெயிலிலிருந்து நிழலுக்கு வந்ததில் கண் தெரியாமல் ஒரு நிமிஷம் நின்றாள். பழைய புடவை, புது ரிப்பன். மூக்கு நுனியில் வியர்வை. அவளுக்கு நேர் எதிரில் உருண்டை நின்றான்.

வரிசையில் அடுத்தவள் அவள். அவ்வளவுதான் அவனுக்கு.

"நீங்க அம்மாவா?" என்றான்.

தங்கச்சியின் கையிலிருந்த பை தானாகக் கீழே இறங்கியது. அவளுக்கு முன்கதை எதுவும் தெரியாது. தன் பிள்ளை தன்னையே பார்த்து நீ என் அம்மாவா என்று கேட்கிறான் என்றுதான் நினைத்தாள். "ஆமாடா... ஆமாடா தங்கம்" என்று மண்டியிட்டு இரண்டு கையையும் நீட்டினாள்.

அவன் கிட்டே வந்து முகத்தை உற்றுப் பார்த்தான். தொலைபேசியில் பார்த்த முகம். அடையாளம் தெரிந்துவிட்ட சந்தோஷத்தில் கைதட்டினான்.

"இல்ல! நீங்க சின்னம்மா!"

சொல்லிவிட்டு ஊஞ்சலுக்கு ஓடிவிட்டான்.

நீட்டின கையை என்ன செய்வது என்று தெரியாமல் தங்கச்சி பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். எறும்பு போய் அவளைத் தோளோடு தூக்கினாள். ஆறுதல் சொல்கிற பழக்கம் அவளுக்குக் கிடையாது.

"எந்திரி. புடவை மண்ணாகுது. சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன்க்கா."

"பொய்."

பொரியை எடுத்துக் கையில் திணித்தாள். இரண்டு பேரும் மரத்தடியில் நின்றார்கள். உட்காரச் சொன்னாலும் தங்கச்சியும் உட்காரவில்லை. துணிப்பையிலிருந்து ஒரு சட்டையை எடுத்தாள். நீலத்தில் வெள்ளைக் கோடு போட்டது, மிச்சத் துணியில் அவளே தைத்தது. உருண்டையைக் கூப்பிட்டு எறும்பு மாட்டிவிட்டாள். கை முழங்கைக்கு மேலேயே நின்றுவிட்டது, நடுப் பொத்தான் வயிற்றைத் தாண்ட மறுத்தது.

"ஒரு நாளைக்கு எண்ணூறு சட்டை பாக்குறேன்க்கா" என்றாள் தங்கச்சி. "எடுத்தவுடனே கண்ணாலயே அளவு சொல்லிருவேன். லைன்ல எல்லாரும் என்கிட்டதான் வந்து கேப்பாங்க."

எறும்பு சட்டையைக் கழற்றி மடித்தாள். நடந்ததை எல்லாம் சொன்னாள்: பத்து நாள் பாடம், பெரிய அம்மா, சின்ன அம்மா, நடுவில் விழுந்த ஓட்டை. முழுக்கச் சொன்னாள். அதற்கு முந்தின ஒன்றே முக்கால் வருஷம் ஏன் திருத்தவில்லை என்பதையும் சொன்னாள். "எனக்குப் பிடிச்சிருந்துச்சு, அதான்" என்றாள். தங்கச்சி ஒரு பொரியை எடுத்து வாயில் போடாமல் விரலில் உருட்டிக்கொண்டிருந்தாள்.

"சின்னம்மாவாவே இருந்துட்டுப் போறேன்க்கா. வரட்டும். அங்க வந்தா பத்து நாள்ல தானா மாறிடும்."

"எப்படி மாறும்? அங்க உன்னை அம்மான்னு கூப்பிட்டுக் காட்ட யாரு இருக்கா? இங்க இவளைப் பாத்துக் கத்துக்கிட்டான். அங்க?"

"காப்பகத்துல பதினஞ்சு பிள்ளைங்க இருக்காங்களே."

"அதுங்க யாரை அம்மான்னு கூப்பிடுது?"

தங்கச்சி தயங்கினாள். "பாத்துக்கிற ஆயாவை எல்லாரும் அம்மான்னுதான் கூப்பிடறாங்க."

எறும்பு ஒரு சுற்று நடந்துவிட்டு வந்தாள். காலி இடம் காலியாகவே இருக்காது. முதலில் வருகிறவள் உட்கார்ந்துகொள்வாள். அந்த ஆயா நல்லவளாகவே இருக்கட்டும், காலை எட்டிலிருந்து ராத்திரி ஏழு வரை அவள் கையில்தான் பிள்ளை. இரண்டே நாளில் தேடல் முடிந்துவிடும். அப்புறம் தங்கச்சி பெற்றும் சின்னம்மா, வளர்த்தும் சின்னம்மா.

"இன்னைக்கே ஆகணும்" என்றாள்.

"எது?"

"கேள்வி கேக்காத. உன் பங்குக்கு நீயும் ஆரம்பிக்காத, வக்கீல் ஒருத்தி போதும் எனக்கு."

ஊஞ்சல்களில் ஒன்று சின்னக் குழந்தைகளுக்கானது. நாலு பக்கமும் அடைத்து, முன்னால் ஒரு கம்பி போட்டது. ஏற்றிவிட்டால் தானாக இறங்க முடியாது. எறும்பு உருண்டையைத் தூக்கி அதில் வைத்துக் கம்பியை மாட்டினாள். அவன் முகத்துக்கு நேராகக் குனிந்தாள்.

"அம்மா எங்கன்னு கேட்டியே. இதோ. இவங்கதான்."

"இவங்க சின்னம்மா."

"அக்காவுக்குச் சின்னம்மா. உனக்கு அம்மா. வெறும் அம்மா. பெரிசும் இல்ல, சின்னதும் இல்ல."

அவன் தங்கச்சியைப் பார்த்தான். எறும்பைப் பார்த்தான். "அப்ப நீ?"

"நான் பெரியம்மா."

"எனக்கா, அக்காவுக்கா?"

வக்கீலோடு கிடந்து வளர்ந்த பிள்ளை வேறெப்படி கேட்கும்? எறும்பு ஊஞ்சல் கம்பியை இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தாள். "உனக்கு" என்றாள். "உனக்கு மட்டும்தான்." நிமிர்ந்து தங்கச்சியின் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினாள். "நான் போறேன். நீ பின்னாடி நில்லு. சொல்லிக்குடுக்காத, கெஞ்சாத, அவன் முன்னாடி அழாத. தள்ளச் சொல்லிக் கூப்பிடுவான். கூப்பிட்டா தள்ளு."

"என்னைக் கூப்பிடலைன்னா?"

"வேற யாரு இருக்கா கூப்பிட?"

"அழுவான்க்கா."

"அழட்டும். நாளைக்குப் பஸ்ஸுல நாலு மணி நேரம் அழறதுக்கு இங்க நாலு நிமிஷம் அழட்டும்."

"உனக்கு மனசு வருதா?"

"மனசைக் கேட்டா ஆகுமா?" என்றவள், வக்கீலின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வாசலை நோக்கி நடந்தாள்.

வாசலைத் தாண்டி, மதில் சுவர் ஓரமாகப் பத்தடி போயிருப்பார்கள். சுவர் ஆள் உயரம், உள்ளே எதுவும் தெரியாது. மரக்கிளை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு நடைபாதையில் நிழல் போட்டிருந்தது.

"தள்ளு!" என்று உள்ளேயிருந்து அவன் குரல் கேட்டது. பெயர் இல்லை, முறை இல்லை. வெறும் தள்ளு.

எறும்பு நின்றுவிட்டாள்.

"பெரிய அம்மா, தள்ளு!"

கொஞ்ச நேரம் சத்தமில்லை. அவன் திரும்பிப் பார்க்கிறான், தேடுகிறான் என்பது சத்தமில்லாமலே தெரிந்தது. பிறகு அழுகை எழுந்தது. முதலில் சிணுங்கல், அப்புறம் ஓங்கின குரல். அந்தக் குரலில் 'பெரிய' போனது, பத்து நாள் பாடம் மொத்தமும் போனது.

"அம்மா! அம்மா!"

அவள் கால் தானாகத் திரும்பியது. ஒன்றே முக்கால் வருஷமாக அந்தச் சத்தத்துக்கு ஓடின கால், சொன்னால் கேட்குமா? மதிலில் பதித்திருந்த இரும்புக் கம்பியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"உன்னைத்தான்மா கூப்பிடுறான்" என்றாள் வக்கீல்.

"இல்ல."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாது."

"அப்படின்னா..."

"கொஞ்சம் வாயை மூடுடி."

வக்கீல் மூடிக்கொண்டாள். அம்மாவின் விரல் கணுக்கள் வெளுத்திருப்பதைப் பார்த்தாள், பயந்தாளோ என்னவோ, புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டாள். உள்ளே அழுகை இன்னும் ஒரு படி ஏறியது. கம்பி கையில் அழுந்தியது. போய்விடலாம், போய் ஒரு தடவை தூக்கிவிட்டு வந்துவிடலாம், ஒரே ஒரு தடவை, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று மனசு அடித்துக்கொண்டது. நாளைக்கு எங்கே இருக்கிறது?

அழுகை நடுவில் ஒரு இடத்தில் விக்கியது. நின்றது. சங்கிலி கிறீச்சென்றது. மறுபடி கிறீச். ஒரே சீராக, போய் வருகிற கிறீச். யாரோ தள்ளுகிறார்கள்.

எறும்பு மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். சங்கிலிச் சத்தம் பத்துப் பதினைந்து தடவை வந்தது. தங்கச்சியின் குரல் இல்லை, சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறாள். பிறகு, அழுது முடித்த மூக்கடைத்த குரலில், அதட்டலாக வந்தது:

"அம்மா, இன்னும் வேகமா!"

சுவருக்கு இந்தப் பக்கம் நிற்கிறவளிடம் யாரும் இன்னும் வேகமாகத் தள்ளு என்று கேட்க முடியாது. தள்ளிக்கொண்டிருக்கிறவளிடம்தான் கேட்க முடியும்.

அவள் கம்பியை விட்டாள். உள்ளங்கையில் துரு அப்பியிருந்தது. புடவையில் துடைத்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தாள். விறுவிறுவென்று நடந்தாள். வீட்டில் அவன் துணி எல்லாம் கொடியில் கிடக்கிறது, மடிக்க வேண்டும். பால் குடிக்கிற மூடிக் கோப்பையைக் கழுவிக் கட்ட வேண்டும். காதில் சீழ் பிடித்தால் எந்த மருந்து, எத்தனை சொட்டு என்று ஒரு தாளில் எழுத வேண்டும், தங்கச்சிக்கு அது தெரியாது. இடது பக்கம் படுத்தால்தான் தூங்குவான், அதையும் எழுத வேண்டும். பயந்தால் கட்டிலுக்கடியில் போவான், இழுக்கக் கூடாது, தானாக வருவான், அதையும்.

"அம்மா" என்றாள் பின்னால் ஓடி வந்துகொண்டிருந்த வக்கீல்.

எறும்பு நடந்துகொண்டே இருந்தாள்.

"அம்மா!"

எறும்பு திரும்பவில்லை. காது இன்னும் மதிலுக்குப் பின்னாலேயே இருந்தது.

"அம்மா, நான்தான்மா! உன்னைத்தான் கூப்பிடுறேன்!"

நின்றாள். திரும்பினாள். நடைபாதையில் ஆறு வயதுப் பெண் மூச்சு வாங்க நின்றுகொண்டிருந்தது. ஒரு செருப்பு பத்தடி பின்னால் கிடந்தது.

"என்னடி?"

"செருப்பு கழண்டுடுச்சு."

எறும்பு போய் அதை எடுத்து வந்தாள். நடைபாதையில் குந்தி, அந்தக் காலைத் தன் முழங்கால் மேல் தூக்கி வைத்து, மண்ணைத் தட்டி, செருப்பை மாட்டிவிட்டாள். வாரை இழுத்துப் பார்த்தாள். இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தாள்.

"இனிமே கூப்பிட்டா உடனே திரும்பணும்" என்றாள் வக்கீல்.

"சரி" என்றாள் அவள்.